காயாத பனி

நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் ஒரே படத்தைத்தான் வரைந்தோம். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து இறங்கி வரும் ஓர் ஆறு, கரையில் குடிசை, குடிசையை ஒட்டி ஒரு தென்னை. மேலே நாலு பறவை போட்டால் மார்க்கு கூட. திண்டிவனத்தில் எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் மலையும் தெரியாது, ஆறும் தெரியாது. அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அதற்கு அடுத்தபடியாக நான் வரைந்த படம் பனி மூடிய ஒரு கிராமம். ஆயில் பெயிண்டிங். அப்போது எனக்குப் பதினொரு வயது.

சமீபத்தில் விழுப்புரத்திலிருந்து அக்கா போன் செய்தாள். அவளுடைய பேத்தி செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டே பனிக்காட்சி ஒன்றைப் போட்டு முடித்துவிட்டாளாம். சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் காய்ந்தும் விட்டதாம். "காஞ்சிடுச்சாடின்னு நாலு தடவ கேட்டேன். தொட்டுத் தொட்டுப் பாத்தேன். அது என்னைப் பைத்தியம் மாதிரி பாக்குது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். இந்தப் பக்கம் நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குக் காரணம் தெரிந்தவர்கள் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

அம்மாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். விழுப்புரத்தில் எங்களுக்கு ஒன்றுவிட்ட பெரியம்மா ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டு முன்அறையில் ஒரு பெரிய ஆயில் பெயிண்டிங் மாட்டியிருந்தது. அவள் பெண் போட்டது. அந்தப் பெண்ணைப் பார்க்க வந்த இன்ஜினியர் மாப்பிள்ளை, பெண்ணைப் பார்த்ததைவிட அந்தப் படத்தைத்தான் அதிகம் பார்த்தாராம். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். கல்யாணத்துக்குப் போய்வந்த அம்மா பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டாள். எங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு படம் தொங்க வேண்டும். அதை அக்கா போட்டிருக்க வேண்டும்.

அக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். டீச்சர் ட்ரெய்னிங்குக்கு மனு போட்டிருந்தாள். சீட்டு வந்தால் பார்க்கலாம், அதற்குள் நல்ல இடம் வந்தால் முடித்துவிடலாம் என்பது அம்மாவின் கணக்கு. அக்கா எதற்கும் "சரிம்மா" என்பாள். நிறம் பிடிக்காத தாவணி வாங்கி வந்தாலும் சரிம்மா. படம் வரையக் கற்றுக்கொள் என்றதற்கும் சரிம்மா. ஆனால் அவளுக்குப் படம் வராது. அவள் வரைந்த பசு, பெஞ்சுக்குக் கொம்பு முளைத்த மாதிரி இருக்கும்.

எங்கள் தெருக்கோடியில் பேங்க் மேனேஜர் குடும்பம் ஒன்று புதிதாகக் குடிவந்திருந்தது. மேனேஜரின் மனைவிக்கு முப்பது வயதுகூட இருக்காது. மெட்ராஸ்காரர். ஆயில் பெயிண்டிங் கிளாசுக்குப் போனவர். அம்மா ஒரு தூக்கு நிறைய எங்கள் மில் எண்ணெயை எடுத்துக்கொண்டு போய் அவரைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டு வந்தாள். அப்பாவுக்கு மார்க்கெட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மல்லாட்டை எண்ணெய் மில் இருந்தது. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அவர் சட்டை, தலையணை, சைக்கிள் சீட்டு எல்லாவற்றிலும் வறுத்த மல்லாட்டை வாசம் அடிக்கும்.

வயதுக்கு வந்த பெண் தெருவில் தனியாக நடக்கக் கூடாதென்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். இப்படித்தான் நான் அந்த வீட்டுக்குள் போனேன்.

மேனேஜரம்மா தன்னை ஆன்ட்டி என்று கூப்பிடச் சொன்னார். எங்களுக்கு அந்த வார்த்தை வாயில் நுழையவில்லை. அக்கா "ஆன்ட்டிம்மா" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். பின்கட்டு வராந்தாவில் நாற்காலியைச் சாய்த்து அதன்மேல் ஹார்ட்போர்டு பலகையை நிறுத்தினார். ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். நாம் பள்ளியில் பார்த்த வில்லைக் கலர்கள் இல்லை. பற்பசை மாதிரி டியூப்கள். அவற்றின் வாய்களில் காய்ந்துபோன கலர் வளையங்கள். பிசைய ஒரு பழைய பீங்கான் தட்டு. இரண்டு பாட்டில். ஒன்றில் டர்பன்டைன். இன்னொன்றில் தேன் நிறத்தில் லின்சீடு ஆயில், ஆளிவிதை எண்ணெய். டர்பன்டைன் பாட்டிலைத் திறந்ததுமே அக்காவுக்குத் தலைவலி வந்தது. எனக்கோ அந்த வாசம் மூக்கு வழியாகப் போய் நேராக வயிற்றில் ஒரு சந்தோஷத்தை உண்டாக்கியது. இன்றைக்கும் யாராவது கதவுக்கு பெயிண்ட் அடித்தால் நான் அந்தப் பக்கமாகத்தான் நடப்பேன்.

ஒரு வாரத்துக்குள் ஏற்பாடு மாறிவிட்டது. அக்கா வராந்தா ஓரம் உட்கார்ந்து மேனேஜரம்மாவின் கைக்குழந்தைக்கு விளையாட்டுக் காட்டினாள். நான் பிரஷ்ஷைப் பிடித்தேன். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று அக்காவும் நானும் பயந்துகொண்டிருந்தோம். அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை.

"யாரு போட்டா இன்னா? கீழ பெரியவ பேரு இருந்தா சரி" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனால் போடவே விடாமல் போய்விடுவார்களோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் தலையாட்டினேன்.

மேனேஜரம்மா சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு படம். மேலே மங்கலான வானம், தூரத்தில் இலை இல்லாத மரங்கள், நடுவில் சிவப்புப் புகைபோக்கி வைத்த வீடு, வீட்டிலிருந்து வேலி ஓரமாக வளைந்து வரும் வண்டித்தடம், மீதி இடமெல்லாம் பனி. மேலே இருந்து கீழே வரவேண்டும் என்பார். வானத்தை முடித்துவிட்டு மரத்துக்கு வா, மரத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வா, பனியைக் கடைசியில் போடு. வானத்துக்கு வெள்ளையும் கறுப்பும் கலந்து, அடிவானம் வரும்போது ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்க்கச் சொன்னார். அந்த ஒரு சிட்டிகையில் சாயங்காலம் வந்து உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

சிக்கல் பனியில் வந்தது.

எனக்குத் தெரிந்த பனி மார்கழிப் பனி. விடியற்காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் விளக்கு போட்டுக்கொண்டு வருமே, தலையில் துண்டு கட்டாமல் போனால் சளி பிடிக்குமே, அது. அதனால் வீட்டைச் சுற்றிப் புகை மாதிரி சாம்பல் கலரைத் தேய்த்து வைத்தேன்.

மேனேஜரம்மா பார்த்துவிட்டு, "இது அந்தப் பனி இல்லம்மா. கெட்டியா தரையில விழுந்து கெடக்கும். ஐஸ் வண்டில துருவிக் குச்சில வச்சுக் குடுக்கறான் பார், அது ஊரு பூரா கொட்டினா எப்படி இருக்கும்?" என்றார்.

உடனே புரிந்தது. சாம்பல் கலரை வழித்து எடுத்துவிட்டு, வெள்ளை டியூப்பைப் பிதுக்கிப் பிதுக்கிப் பலகையின் கீழ்ப்பாதி முழுக்க அப்பினேன். அது சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றது. வீடு அதில் நிற்கவில்லை, ஒட்டவைத்த மாதிரி இருந்தது. பார்க்க வந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அம்மாவுக்கு மரக்காணம் பக்கம் பிறந்த ஊர்.

"எங்க ஊரு உப்பளம் மாதிரியே கீது. இதுக்கா இவ்ளோ பெயிண்டு" என்றாள்.

மேனேஜரம்மாவுக்கும் அதைச் சரிசெய்யத் தெரியவில்லை. இங்கே கொஞ்சம் நீலம் தொடு, அங்கே கொஞ்சம் தொடு என்றார். ஏன் என்று கேட்டேன். "எங்க கிளாஸ்ல அப்படித்தான் சொன்னாங்க" என்றார்.

அம்மா சொன்ன உப்பு மனதில் நின்றுவிட்டது. மார்க்கெட்டில் உப்பு வண்டி வந்து நிற்கும் இடம் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அங்கே போய் நின்றேன். கடைக்கு முன்னால் சாக்கு விரித்துக் கல் உப்பைக் குவித்திருந்தார்கள். சாயங்கால வெயில் ஒரு பக்கமாக விழுந்தது. வெயில் பட்ட பக்கம் வெள்ளை இல்லை, லேசான மஞ்சள். படாத பக்கம் நீலம். நன்றாகத் தெரிகிற நீலம். அதுவரை எத்தனையோ தடவை அந்தக் குவியலைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை. வீட்டுக்கு ஓடிவந்து கொடியில் கிடந்த அப்பாவின் வேட்டியைப் பார்த்தேன். மடிப்பெல்லாம் நீலம். அது துணிக்குப் போடும் நீலமாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்ததால், சமையல்கட்டுக்குப் போய் முறத்தில் இருந்த அரிசி மாவைப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு என்னால் எதையும் சும்மா பார்க்க முடியவில்லை. அப்பா சைக்கிளிலிருந்து இறங்கும்போது எந்தத் தோள் முதலில் சாய்கிறது, அக்கா "சரிம்மா" சொல்லும்போது கண் எந்தப் பக்கம் போகிறது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். "இன்னாடி முறைக்கிற" என்று அம்மா திட்டுவாள்.

மறுநாள் மேனேஜரம்மாவிடம் உப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு, "எனக்கு அது தெரியாதும்மா. நான் பனியையே பார்த்தது இல்ல. எங்க கிளாஸ் டீச்சரும் பார்த்ததில்லன்னுதான் நினைக்கறேன். அந்த அம்மா பெங்களூரத் தாண்டிப் போனதே இல்ல" என்றார். எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. குழந்தை மிரண்டு அழ ஆரம்பித்தது.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. மேனேஜரம்மா தலை தீபாவளி கொண்டாடும் தங்கையைப் பார்க்க மெட்ராஸ் போனார். திரும்பக் கார்த்திகை ஆகிவிடும் என்று சொல்லிவிட்டு, தகரப் பெட்டியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். பலகையை மழையில் நனையாமல் குடைக்கடியில் வைத்து, அக்காவும் நானும் வீட்டுக்குத் தூக்கி வந்தோம். வானமும் மரமும் வீடும் முடிந்திருந்தன. வெறும் வெள்ளையாகக் கிடந்த கீழ்ப்பாதியைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டேன். பனியை முதலிலிருந்து போடவேண்டும்.

அப்போது பார்த்து விழுப்புரத்திலிருந்து ஓர் இடம் வந்தது. கொண்டுவந்தவர் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். ரெண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை. வீட்டில் இரண்டாவது பிள்ளை. மூத்தவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அப்பா கிடையாது, எல்லாம் அம்மாதான். மார்கழிக்கு முன்னால் நிச்சயம் செய்துவிட வேண்டும் என்றார்கள். பெண் பார்க்க வரும் நாளும் குறித்தாகிவிட்டது.

"ஜல்தி முடிடி. செவுத்துல மாட்டணும்" என்று அம்மா காலையும் மாலையும் சொல்ல ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து லின்சீடு ஆயில் தீர்ந்துபோனது. வெள்ளை டியூப்பும் கடைசிக்கு வந்திருந்தது. எண்ணெய் விட்டு இளக்கினால்தான் பாதிப் பலகைக்கு வரும்.

"அந்த எண்ணெய் பாண்டிச்சேரிலதான் கெடைக்கும்மா" என்றேன்.

"இந்த மழைல எவன் பாண்டிச்சேரிக்குப் போய்க்கினு இருப்பான்? எண்ணெய்தானே வேணும்? நம்ம மில்லு எண்ணெய் இன்னா எண்ணெய் இல்லையா?"

"இது வேறம்மா."

"இன்னா வேற? அதுவும் வெதைய ஆட்டுனது. இதுவும் வெதைய ஆட்டுனது. நம்மளுது கலப்படம் இல்லாதது."

அம்மா கிண்ணத்தில் மல்லாட்டை எண்ணெயை ஊற்றிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். வெள்ளையில் விட்டுக் குழைத்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது. பிரஷ் வழுக்கிக்கொண்டு போனது. வீட்டின் இடது பக்கம் மஞ்சள் கலந்த வெள்ளை, வலது பக்கம் நீலம், வண்டித்தடத்தின் உள்ளே இன்னும் அழுத்தமான நீலம், வேலியின் மேல் ஒரு கோடு மட்டும் சுத்தமான வெள்ளை. கடைசிக் கோட்டை இழுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தபோது வீடு தரையில் உட்கார்ந்திருந்தது. நான் பார்த்தே இராத ஒரு குளிர் எங்கள் முன்அறையில் இருந்தது. அக்கா என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். "உள்ள போயிடலாம் போல கீதுடி" என்றாள். கீழ் மூலையில் அவள் பெயரை அவளுடைய அழகான கையெழுத்தில் எழுதியபோது, "உன் பேரும் எழுதட்டா, சின்னதா?" என்று கேட்டாள். அம்மாவுக்குப் பயந்து வேண்டாம் என்றேன்.

ஆசாரி சட்டம் போட்டுக் கொடுத்தார். முன்அறையில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியில், பெஞ்சுப் பலகையைத் தொடுகிற மாதிரித் தாழ்வாகப் படம் ஏறியது. வானம் காய்ந்தது, மரம் காய்ந்தது. பனி மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது. "எப்படி மின்னுது பாரு" என்று அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். ஒருநாள் காலையில் வேலி ஓரமாக வரிசையாக எறும்புகள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு அதிலேயே ஒட்டிச் செத்திருந்தன. அம்மா முணுமுணுத்துக்கொண்டே குச்சியால் அவற்றை எடுத்தாள்.

பெண் பார்க்க வந்த அன்று மழை விட்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அரக்குப் பட்டுப் புடவையில் வந்தார். கூடவே மாப்பிள்ளை, மூத்த மருமகள், பெரியப்பா. மூத்த மருமகளுக்கு அக்காவைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். யாரும் உட்காரச் சொல்லாமல் உட்காரவில்லை. உட்கார்ந்தபோதும் பெஞ்சின் நுனியில்தான் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மா படத்துக்கு நேர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

கேசரி, பஜ்ஜி, காபி. அக்கா தட்டோடு வந்து கும்பிட்டுவிட்டு அம்மா பக்கத்தில் நின்றாள். அப்பா வாசற்படி ஓரம் நின்றிருந்தார். நான் தண்ணீர் டம்ளர்கள் வைத்த தட்டைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கு எதிரே நின்றேன். படத்தை யாராவது பார்ப்பார்களா என்பது மட்டுமே எனக்குக் கவலை.

"பொண்ணு போட்டதுங்க" என்றாள் அம்மா.

மாப்பிள்ளையின் அம்மா கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "நல்லா கீது. வீட்டு வேலை கத்துக்கினாளா?" என்றார்.

பேச்சு நல்லபடியாகவே போனது. கொல்லைப்பக்கம் பார்க்கலாமா என்று அவர் எழுந்தபோதுதான் அது தெரிந்தது. தோளிலிருந்து பாதி முதுகு வரை அரக்குப் பட்டில் வெள்ளையும் நீலமுமாக அப்பியிருந்தது. பின்னால் படத்தில் வீட்டுக்கு முன்னால் இருந்த பனியைக் காணோம்.

முதலில் பார்த்தவள் மூத்த மருமகள். "அத்தை, முதுகுல" என்றாள், கேட்கும் கேட்காத குரலில்.

அவர் தலைப்பை முன்னால் இழுத்துப் பார்த்தார். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "பக்கத்துலதானே ஒக்காந்துகினு இருந்தே?"

அவ்வளவுதான். மூத்த மருமகளின் இடது கை மேலே எழுந்தது. முழங்கை வெளியே தள்ளி, உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பி, முகத்துக்குக் குறுக்கே. கண்ணை மூடிக்கொண்டாள். யாரும் கை ஓங்கவில்லை. அவளைத் தொடும் தூரத்தில்கூட யாரும் இல்லை. ஒரு மூச்சு விடும் நேரம் அந்தக் கை அங்கேயே நின்றது. பிறகு அவள் கண்ணைத் திறந்து, முடியை ஒதுக்குகிற மாதிரி அதைக் கீழே கொண்டுவந்தாள். மாப்பிள்ளை பஜ்ஜியைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அம்மா பதறிப்போய் மண்ணெண்ணெயும் துணியும் எடுக்க ஓடினாள். திரும்பி வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா சிரித்த முகமாக இருந்தார். "பரவால்லம்மா. தெரிஞ்சா செஞ்சீங்க? சலவைக்குப் போட்டா போயிடும்" என்றார். மருமகள் முட்டி போட்டுப் பின்னாலிருந்து துடைத்துக்கொண்டிருந்தாள். போகும்போது, "எங்களுக்குச் சம்மதம். நாளைக்குக் காலைல பெரியவர்கிட்ட சொல்லி அனுப்புங்க, நாள் பாத்துடலாம்" என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார்.

வாசலிலிருந்து திரும்பிய அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "எவ்ளோ பெரிய மனசு பாருங்க. பட்டுப் புடவ போச்சு, ஒரு வார்த்த சொன்னாங்களா? இந்த மாதிரி மாமியாரு யாருக்குக் கெடைக்கும்?" என்றாள். அப்பா பெஞ்சின் நுனியில், அந்த மருமகள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். அக்கா எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பெரிய பாப்பா" என்றார் அப்பா. "உனக்கு இன்னா தோணுது?"

அக்காவிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. தட்டைக் கீழே வைத்தாள். அவள் சரிப்பா என்று சொல்வதற்காகத்தான் நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம் என்று நினைக்கிறேன்.

"அந்த அக்கா கையத் தூக்குனாங்கப்பா" என்றாள்.

"நானும் பாத்தேன்" என்றார் அப்பா.

அம்மாவுக்கு விளங்கவில்லை. "யாரு கையத் தூக்குனா? எதுக்கு?"

"பெரிய மருமவ. அந்தம்மா கேட்ட ஒடனே."

"முடிய ஒதுக்கியிருப்பா. இது ஒரு பேச்சாங்க? தானா வந்த சம்மந்தம். அரசாங்க வேல. கையத் தூக்குனா, கால நீட்டுனான்னு சொல்லி வேணான்னா நம்மள இன்னா நெனைப்பாங்க? ஒங்க அண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பீங்க? எப்பவும் இதே பேஜாரு ஒங்களோட" என்று அம்மா படபடவென்று பேசிக்கொண்டே போனாள். அவளும் எத்தனை மாதமாக எத்தனை வேண்டுதல் வைத்துக் காத்திருந்தவள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "சின்னது, நீ எதுர்லதானே நின்னே? பாத்தியா?"

தலையாட்டினேன்.

"எப்படித் தூக்குனா? அம்மாவுக்குக் காட்டு."

எனக்கு அது என்னவென்று அப்போது புரியவில்லை. ஆனால் பார்த்ததை அப்படியே காட்டத் தெரியும். உப்பையும் வேட்டியையும் பார்த்த மாதிரிதான் அந்தக் கையையும் பார்த்திருந்தேன். இடது கையைத் தூக்கினேன். முழங்கையை வெளியே தள்ளினேன். உள்ளங்கையைத் திருப்பினேன். தலையைக் கொஞ்சம் வலது தோள் பக்கமாக இறக்கிக் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் நின்ற அளவுக்கு நானும் நின்றேன். பிறகு கண்ணைத் திறந்து, முடியை ஒதுக்குகிற மாதிரி கையைக் கீழே கொண்டுவந்தேன்.

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்திலிருந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

மரக்காணத்தில் அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தாள், எங்கள் சித்தி. நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவள். எப்படி இறந்தாள் என்று வீட்டில் பேசமாட்டார்கள். சித்தியும் இப்படித்தான் கையைத் தூக்குவாளாம், பிறந்த வீட்டுக்கு வந்திருக்கும்போது யாராவது வேகமாகப் பக்கத்தில் வந்தால்கூட. இதை நான் தெரிந்துகொண்டது எனக்கே குழந்தை பிறந்த பிறகு. அம்மாவே சொன்னாள்.

அன்றைக்கு அம்மா சொன்னது வேறு. "மழ திரும்ப வர மாதிரி கீது. கொட எடுத்துக்கினு போங்க. ஒங்க அண்ணன்கிட்ட நீங்களே நேர்ல சொல்லிடுங்க" என்றாள்.

பெரியப்பா மூன்று வருடம் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அக்காவுக்கு அடுத்த ஆனியில் சீட்டு வந்தது. ட்ரெய்னிங் முடித்து, காணை என்ற ஊரில் டீச்சராகி, அவளுக்குப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொண்டு, இப்போது விழுப்புரத்தில் பென்ஷன் வாங்குகிறாள். அந்த மாப்பிள்ளைக்கு வேறு எங்கேயோ பெண் எடுத்தார்கள். அந்தப் பெண் எப்படி இருந்தாள் என்று எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் தைரியம் வரவில்லை. மூத்த மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், திரும்பி வரவில்லை என்று பின்னாளில் பெரியப்பாவே வந்து சொன்னார். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். அதைக் கேட்டு அக்கா விட்ட பெருமூச்சு எனக்கு நினைவிருக்கிறது.

மெட்ராஸிலிருந்து திரும்பிய மேனேஜரம்மா கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கடலை எண்ணெய் எத்தனை வருஷமானாலும் காயாதாம். லின்சீடு மாதிரி சில எண்ணெய்கள்தான் காயுமாம். படத்தை அம்மா சாக்கில் சுற்றிப் பரணில் போட்டாள். வீடு மாறும்போது அது எங்கே போயிற்றோ. போகும்வரை காயவில்லை.

இத்தனையும் பிறகு நடந்தது. அன்று சாயங்காலம் அப்பா குடையோடு தெருமுனை திரும்பும்வரை அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. பார்க்க வருகிற அன்று தொண்டையில் எதுவும் இறங்கவில்லை என்று காபியைக்கூட என்னிடம் கொடுத்துவிட்டிருந்தாள். அம்மா உள்ளே போய்ச் சட்டியில் இருந்த சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து எடுத்துவந்தாள். எங்கள் இரண்டு பேரையும் எதிரே உட்காரச் சொன்னாள். உருட்டி, நடுவில் குழி செய்து, குழம்பு விட்டு அக்காவின் கையில் வைத்தாள். அக்கா பெரியவளான பிறகு அம்மா அப்படி ஊட்டாத குறையாகச் சோறு போட்டு நான் பார்த்ததில்லை. ஓட்டின் மேல் மழை ஆரம்பித்தது. ஒரு உருண்டை எனக்கு, ஒரு உருண்டை அக்காவுக்கு. சட்டி காலியானது.

அம்மா கை கழுவ எழுந்தாள். அக்கா கையை நீட்டியபடியே இருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றாள்.